தரவுப் பாதுகாப்புச் சட்டத்த டெவலப்பர் வார்த்தையில தேடுற டூல்: ரிசல்ட் வரலன்னா சட்டம் இல்லன்னு ஆயிருமா?

உச்சிப்புளி_டெவ்

வணக்கம் மக்களே. நாங்க ரெண்டு பேரு சேந்து படகுக் கணக்கு ஆப் ஒண்ணு பண்ணிக்கிட்டு இருக்கோம். ஏலத்துல என்ன வெலைக்குப் போச்சு, டீசல் ஐஸ் செலவு எம்புட்டு, பங்கு எப்படிப் பிரிக்கணும், இதெல்லாம் நோட்டுல எழுதுறதுக்குப் பதிலா போன்ல போட்டு வச்சுக்குற மாதிரி. உள்ள என்னென்ன வருதுன்னு பாத்தா ஓனர் பேரு, மொபைல் நம்பர், கடலுக்குப் போற ஆளுங்க லிஸ்ட்டு, பேங்க் அக்கவுண்ட், ஆதார் போட்டோ, படகு போன எடத்தோட ஜிபிஎஸ் புள்ளி. பூராவும் ஆளுங்க தகவல்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்லயே வந்துருச்சு, விதிகள் 2025 நவம்பர்ல அறிவிச்சாங்க, முக்கியமான கடமைகள் எல்லாம் அதுலருந்து 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம் அமலுக்கு வருது. சட்டத்துல மொத்தமே 44 பிரிவுதான், உக்காந்தா ஒரு பொழுதுல படிச்சிரலாம். ஆனா கோடு எழுதிக்கிட்டு இருக்குறப்ப, டேபிள்ல புதுசா ஒரு காலம் (column) சேக்குறப்ப, அந்த எடத்துல எந்தப் பிரிவு வந்து நிக்குதுன்னு சட்டுனு பாக்கணும்ல. அதுக்காக கீவேர்ட் தேடல் டூல் ஒண்ணு எழுதுறேன். எஸ்க்யூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸ்ல எஃப்டிஎஸ்5-ங்கற வார்த்தை தேடுற வசதியப் போட்டு நம்ம சட்டம், விதிகள், ஐரோப்பாவோட தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் மூணையும் ஏத்தியாச்சு, வெளிநாட்டு வேலை பண்றவங்களுக்கும் ஒதவட்டும்னு.

சிக்கல் என்னன்னா நம்ம பேசுற வார்த்தை சட்டத்துல இல்ல. 'டெலீட்'னு போட்டா வேண்டிய பிரிவு வரல, சட்டம் 'எரேஷர்'னு சொல்லுது. 'யூசர்'னு போட்டாலும் அதே கதை, அங்க 'டேட்டா பிரின்சிபல்', அதாவது தரவுக்கு உரிய ஆளு. 'ஐபி அட்ரஸ்'னு ஜிடிபிஆர்ல தேடுனா ஒண்ணும் இல்ல, ஆனா முகவுரை 30-ல 'இன்டர்நெட் புரோட்டோகால் அட்ரஸ்'னு முழுசா எழுதி வச்சிருக்கு. ஒரே அர்த்தம் உள்ள சொல்லுக்கு சினானிம் லிஸ்ட் ஒண்ணு போட்டா இதெல்லாம் சரியாயிரும், அது தெரியும். என் கவல வேற. புதுசா வேலைக்கு வந்த ஒரு தம்பி நம்ம சட்டத்துல மட்டும் 'லொகேஷன்'னு தேடுறான், ஜீரோ ரிசல்ட்னு வருது, சரி இதுக்கு சட்டம் ஒண்ணும் சொல்லல போலன்னு நெனச்சு படகோட லொகேஷன எல்லாருக்கும் காட்டி விட்டுருவான். டூல் இல்லாமலே இருந்தா கொஞ்சமாச்சும் பயந்துருப்பான். இத எப்படித் தடுக்குறது?

கீழக்கரை_காக்கா

தம்பி நல்ல வேலை, இத விட்றாத. நான் துபாய்ல பேக்எண்ட்ல இருக்கேன், இங்க அமீரகத்துலயும் 2021-ஆம் வருஷத்து 45-ஆம் நம்பர் சட்டம் இருக்கு, எங்க டீம்ல ஆளுக்கு ஒரு பிடிஎஃப்ப தெறந்து வச்சு கன்ட்ரோல் எஃப் அடிச்சுக்கிட்டு இருக்காங்க, அதனால இது தேவைங்கறதுல சந்தேகமே இல்ல.

மொதல்ல டெக்னிக்கல் விஷயம். போர்ட்டர் ஸ்டெம்மர் ஆன் பண்ணிருக்கியா? அது இங்கிலீஷ் வார்த்தையோட வாலை வெட்டும், அதனால 'பேக்கப்'னு தேடுனா 'பேக்கப்ஸ்'ம் கெடைக்கும். இது ஒனக்குக் கண்டிப்பா வேணும், ஏன்னா நம்ம விதி 6-ல 'டேட்டா-பேக்கப்ஸ்'னு நடுவுல கோடு போட்டு ஒரே ஒரு எடத்துல வருது, ஸ்டெம்மர் இல்லன்னா அது தப்பிச்சிரும். ஆனா அதே ஸ்டெம்மர் 'கன்ட்ரோலர்'ங்கறதயும் வெட்டி 'கன்ட்ரோல்'னு ஆக்கிரும். ஜிடிபிஆர்ல தரவ எதுக்கு, எப்படிக் கையாளணும்னு முடிவு பண்றவருக்குப் பேரு கன்ட்ரோலர், அந்தச் சொல் இல்லாத பக்கமே கெடையாது. 'ஆக்சஸ் கன்ட்ரோல்'னு ஒருத்தன் தேடுனான்னா மொத்த சட்டமும் வந்து மேல கொட்டும், அவனுக்கு வேண்டிய, பாதுகாப்பு பத்துன 32-ஆவது ஆர்ட்டிகிள் எங்கயோ அடியில கெடக்கும். அந்த மாதிரி சட்டச் சொல்லுக்கு மட்டும் ஸ்டெம்மிங் வேணாம்னு தனியா ஒதுக்கி வை. இண்டெக்ஸ ரெண்டா வச்சிரு, ஸ்டெம் பண்ணது ஒண்ணு, பண்ணாதது ஒண்ணு, பண்ணாததுல கெடச்சா அதுக்கு மார்க் கூட.

அப்புறம் பாரா பாராவா வெட்டி ஏத்திருந்தா அத மாத்து. பிரிவு முழுசா ஒரு ரெக்கார்டா இருக்கணும், அதோட 'ஆனால்'னு வர்ற விதிவிலக்கும் அதுக்குள்ளயே இருக்கணும். விதிவிலக்கு அடுத்த ரெக்கார்டுக்குப் போயிருச்சுன்னா பாதிச் சட்டத்தக் காட்டுன மாதிரி, அது ஒண்ணும் காட்டாததவிட ஆபத்து.

ராமநாடு_வக்கீல்

தம்பி கேட்ட கேள்விக்கு சட்டப் பக்கத்துலருந்து சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும்.

ஜிடிபிஆர் ஆர்ட்டிகிள் 4-ல தனிநபர் தரவுன்னா என்னன்னு சொல்றப்ப பேரு, ஐடி நம்பர், லொகேஷன் டேட்டா, ஆன்லைன் ஐடென்டிஃபயர்னு உதாரணத்தோட சொல்லிருக்கு. அங்க லொகேஷன்னு தேடுனா கெடைக்கும். நம்ம சட்டத்துல பிரிவு 2 விளக்கம் ரொம்பச் சின்னது, ஒரு தரவ வச்சோ அதத் தொடர்புபடுத்தியோ ஆள அடையாளம் காண முடியும்னா அது தனிநபர் தரவு, அவ்வளவுதான். லொகேஷன், ஐபி, கூக்கி எதுவும் பேரா எழுதல. எழுதாததுனாலதான் எல்லாமே உள்ள வருது. படகு நம்பர் ஓனர் பேருல பதிவு ஆகிருக்கு, அந்தப் படகோட ஜிபிஎஸ் புள்ளி அந்த ஓனரப் பத்துன தரவு, இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஐரோப்பிய நீதிமன்றம் 2016-ல பிரேயர் வழக்குல மாறிக்கிட்டே இருக்குற ஐபி அட்ரஸ்கூட தனிநபர் தரவா ஆகலாம்னு சொல்லுச்சு, ஆளக் கண்டுபுடிக்கிற கூடுதல் தகவல் இன்னொருத்தர்கிட்ட இருந்து, அத வாங்க சட்ட வழியும் இருந்தாலே போதும்ங்கற மாதிரி. அந்தத் தீர்ப்பு நம்மளக் கட்டுப்படுத்தாது, ஆனா யோசிக்கிற முறை அதுதான்.

அதனால ஜீரோ ரிசல்ட்ங்கற பக்கமே உங்க டூல்ல இருக்கக் கூடாதுங்கறேன். வார்த்தை கெடைக்கலன்னா பிரிவு 2 விளக்கத்தையும் 4, 5, 6, 8 நாலையும் கொண்டு வந்து நிறுத்துங்க. 4 எந்த அடிப்படையில தரவ எடுக்கலாம்ங்குது, 5 நோட்டீஸ், 6 சம்மதம், 8 பொதுவான கடமைகள். மேல ஒரு வரி போடுங்க, 'இந்தச் சொல் சட்டத்துல இல்ல, ஆனா இது ஒரு ஆளப் பத்துன தரவுன்னா கீழ உள்ள எல்லாம் பொருந்தும்'னு.

ரெண்டாவது, ஒரு பிரிவ மட்டும் தனியாக் காட்டாதீங்க, அத எதுத்து நிக்கிற விதியயும் பக்கத்துலயே காட்டுங்க. டெலீட்டயே எடுத்துக்குங்க. பிரிவு 12-ல அழிக்கச் சொல்லிக் கேக்குற உரிமை இருக்கு, 8(7)-ல சம்மதத்தத் திரும்ப எடுத்துட்டாலோ எடுத்த நோக்கம் முடிஞ்சுட்டாலோ அழிக்கணும்னு இருக்கு, நமக்காகத் தரவக் கையாளுற பிராசசர்கிட்டயும் சொல்லி அழிக்க வைக்கணும். ஆனா விதி 6-லயும் 8-லயும் லாக்கையும் (யாரு எப்ப என்ன பண்ணாங்கங்கற பதிவு) தரவையும் ஒரு வருஷம் வச்சிருக்கச் சொல்ற பகுதி இருக்கு. டெவலப்பர் மொதலாவத மட்டும் பாத்தா எல்லாத்தையும் தொடச்சிருவான், கடைசிய மட்டும் பாத்தா எதையும் அழிக்க மாட்டான்.

தரவு கசிஞ்சா என்ன பண்ணணும்ங்கறதும் அப்படித்தான். விதி 7-ல தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவங்களுக்கும் தாமதம் இல்லாமச் சொல்லணும், வாரியத்துக்கு விவரமான அறிக்கை 72 மணி நேரத்துல. இதோட நிறுத்துனா தப்பு, ஏன்னா மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல போட்ட உத்தரவுல சைபர் சம்பவத்த 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், லாக் 180 நாள் வைக்கணும்னு இருக்கு. அது வேற சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 70பி. அதையும் ஏத்துங்க. அதோட அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல பிரிவு 43ஏ-க்குக் கீழ வந்த 2011-ஆம் வருஷத்து விதிகளையும் ஏத்துங்க. பாஸ்வேர்ட், பேங்க் அக்கவுண்ட், பயோமெட்ரிக் இதெல்லாம் பேரு சொல்லி இருக்குறது அதுலதான், புதுச் சட்டத்துல 'சென்சிட்டிவ்'ங்கற தனி வகையே கெடையாது. 2027 மே வரைக்கும் 43ஏ-யும் அந்த விதிகளும் உயிரோடதான் இருக்கு. அதனால ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் பக்கத்துல 'இன்னிக்கி அமல்ல இருக்கா, எப்பலருந்து'ன்னு தேதி காட்டுறது அலங்காரம் இல்ல, அவசியம்.

தொண்டி_டெஸ்டர்

எல்லாம் சரிண்ணே, ஆனா இப்ப ஏஐ சாட்பாட்ல கேட்டாப் போதுமே, அதே எல்லாத்தையும் எடுத்துச் சொல்லிருது, கீவேர்ட் தேடல்னு இன்னும் எதுக்குக் கஷ்டப்படணும்?

கீழக்கரை_காக்கா

கேக்குறதுல தப்பில்ல தம்பி. சாட்பாட் சொல்றது படிக்க அழகா இருக்கும், ஆனா 8(6)-ங்கறத 8(5)-ன்னு சொல்லிட்டா உனக்குத் தெரியாது. 8(5) பாதுகாப்பு ஏற்பாடு பத்துனது, தவறுனா 250 கோடி வரைக்கும் அபராதம், 8(6) கசிவச் சொல்லாம விட்டா 200 கோடி வரைக்கும். ரெண்டும் வேற வேற வேலை, வேற வேற டீம். கீவேர்ட் தேடல்ல வர்றது கெசட்ல அச்சடிச்ச அதே வரி, அத அப்படியே டிக்கெட்ல ஒட்டலாம், ஆடிட்ல காட்டலாம், நாளைக்கி அதே சொல்லத் தேடுனா அதே வரிதான் வரும். சாட்பாட்ட வேணா சினானிம் யோசிக்கிறதுக்கு வச்சுக்க, லிஸ்ட்ட மனுசன் பாத்து ஓகே பண்ணணும்.

இன்னொண்ணும் சொல்லணும். தேடுற வார்த்தையே ரகசியமா இருக்கலாம். ஒரு கம்பெனி ஐபிலருந்து ராத்திரி முழுக்க 'பிரீச்' (தரவுக் கசிவு), '72 மணி நேரம்'னு தேடுனாங்கன்னா அங்க என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் புரியும். அதனால டூல் அவங்கவங்க மெஷின்லயே ஓடணும், தேடுன லாக் வெளிய போகக் கூடாது. நம்ம ஊருல மழைக்காலத்துல நெட் போனாலும் வேலை செய்யும்.

தங்கச்சிமடம்_அக்கா

நான் கோடு எழுதுற ஆளு இல்ல, எங்க மகளிர் குழுவுக்கு லிஸ்ட்டு, பாஸ்புக் நம்பர் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறது நான்தான். இத வாசிச்சிட்டு ரெண்டு விஷயம் கேக்கணும்னு தோணுச்சு.

ஒண்ணு, நீங்க எல்லாரும் இங்கிலீஷ்ல தேடுறதப் பத்தியே பேசுறீங்க. எங்ககிட்ட வர்றவங்க 'என் நம்பர எடுத்து விட்ரு', 'எனக்குத் தெரியாம ஏன் குடுத்தீங்க'ன்னுதான் கேப்பாங்க. அந்த வார்த்தைய அப்படியே போட்டா உங்க டூல்ல ஏதாச்சும் வருமா?

ரெண்டு, ஆளுங்க லிஸ்ட்டு. அத ஓனர்தான் குடுக்குறாரு. கடலுக்குப் போற அஞ்சாறு பேரோட பேரு, ஆதாரு, நம்பரு, வீட்டு ஆளு பேரு எல்லாம் அவரு போன்லருந்து வருது, அந்த ஆளுங்க உங்க ஆப்பப் பாத்தது கூட கெடையாது. சம்மதம்னு நீங்க ஓனருகிட்ட பட்டன அமுக்க வச்சா, மத்தவங்க சம்மதம் எங்க இருக்கு? அப்புறம் எந்தப் பாடுல மீனு கெடச்சிச்சுன்னு கூடப் பொறந்தவன்கிட்டகூடச் சொல்ல மாட்டாங்க. அந்த எடம் ஆப்ல பதிஞ்சு கெடக்குன்னா அத யாரு பாப்பா, எத்தன நாளு இருக்கும், இதத்தான் மொதல்ல கேப்பாங்க. சட்டம் என்ன சொல்லுதுங்கறது அப்புறம்.

ராமநாடு_வக்கீல்

அக்கா கேட்டதுதான் இந்த இழையிலயே முக்கியமான கேள்வி. ஆளுங்க ஒவ்வொருத்தரும் தனித்தனி டேட்டா பிரின்சிபல், ஓனர் சம்மதம் அவங்க சம்மதம் ஆகாது. பிரிவு 7-ல வேலைவாய்ப்பு நோக்கத்துக்காகச் சம்மதம் இல்லாம எடுக்கலாம்னு ஒரு வழி இருக்கு, ஆனா நம்ம பக்கம் ஆளுங்க சம்பளத்துக்குப் போறது கம்மி, பங்குக்குத்தான் போறாங்க. பங்கு வாங்குற ஆள வேலையாள்னு எடுத்துக்கிட்டு அந்த வழியில ஒதுங்குறது பலவீனமான வாதம், நான் யாருக்கும் அத சொல்ல மாட்டேன். ஆளுங்க நம்பருக்கே நோட்டீஸ் போகட்டும், அவங்களே சரின்னு சொல்லட்டும்.

அந்த நோட்டீஸ் தமிழ்ல இருக்கணும். பிரிவு 5(3)-லயும் 6(3)-லயும் இங்கிலீஷ் அல்லது அரசியலமைப்போட எட்டாவது அட்டவணையில உள்ள எந்த மொழியிலயும் பாக்குற வசதி குடுக்கணும்னு தெளிவா இருக்கு, 22 மொழியில தமிழும் ஒண்ணு. 6(4)-ல, சம்மதம் குடுத்தது எம்புட்டு சுலபமோ அதே அளவு சுலபமாத் திரும்ப எடுக்கவும் முடியணும். ஒரு ஓடிபில சம்மதம் வாங்கிட்டு, வேணாம்னா ஆபீஸுக்கு வந்து எழுதிக் குடுங்கன்னா அது நிக்காது.

மண்டபம்_மாணவி

அக்கா கேட்ட தமிழ்த் தேடல நான் நேத்து எஃப்டிஎஸ்5-ல போட்டுப் பாத்தேன். டீஃபால்ட் செட்டிங்ல தமிழ் சுத்தமா ஒடையும்ணே. அது வரிய வார்த்தை வார்த்தையா வெட்டுற யூனிகோட்61 டோக்கனைசர், எழுத்து, எண்ணு வகைய மட்டும்தான் வார்த்தையோட பகுதின்னு எடுத்துக்கும், நம்ம புள்ளியும் கால் கொம்பும் வேற வகையில இருக்குறதால அதெல்லாம் இடைவெளி மாதிரி ஆயிருது. 'ஒப்புதல்'ங்கறது 'ஒப', 'ப', 'தல'ன்னு மூணு துண்டா இண்டெக்ஸ் ஆவுது. தேடுனா ஏதோ வர்ற மாதிரி இருக்கும், ஏன்னா தேடுற சொல்லும் அதே மாதிரி ஒடையுது, ஆனா சம்பந்தம் இல்லாத வார்த்தையும் கூட வந்துரும். டேபிள் உருவாக்குறப்பவே கேட்டகரீஸ்ங்கற ஆப்ஷன்ல புள்ளி, கால், கொம்பு வர்ற வகைகளான எம்என், எம்சி ரெண்டையும் சேத்துட்டா சரியாகுது.

அப்புறம் 'ொ' மாதிரி எழுத்த சில கீபோர்டு ஒரே குறியா அனுப்பும், சில எடத்துல ஒத்தக் கொம்பும் காலும் தனித்தனியா வரும். கண்ணுக்கு ஒண்ணுதான், தேடுனா பொருந்தாது. ஏத்துறப்பயும் தேடுறப்பயும் என்எஃப்சி பண்ணி ஒரே வடிவத்துக்கு மாத்திருங்க.

வேற்றுமை உருபுதான் பெரிய வேலை. ஒப்புதல், ஒப்புதலை, ஒப்புதலுக்கு, ஒப்புதலோட, இதுக்கெல்லாம் போர்ட்டர் ஒதவாது. எஸ்க்யூலைட்லயே டிரைகிராம் டோக்கனைசர் இருக்கு, மூணு மூணு குறியா வெட்டி எடுக்கும், தமிழுக்கு அத தனி இண்டெக்ஸா வச்சா சின்ன சட்டத் தொகுப்புக்குத் தாராளமாப் போதும். ரெண்டு குறி மட்டும் உள்ள சொல்லு இதுல சிக்காது, அத நேரா சினானிம் டேபிள்ல போட்டுக்கலாம்.

ராமேஸ்வரம்_லாட்ஜ்_சாப்ட்வேர்

நாங்க லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் சாப்ட்வேர் பண்றோம், தீர்த்தமாட வர்றவங்க குடும்பத்தோட வருவாங்க, எல்லாரோட ஆதார் ஜெராக்ஸும் வாங்கி வைக்கிறது இங்க பழக்கமாவே ஆயிருச்சு. பேப்பர்ல இருக்குற வரைக்கும் இந்தச் சட்டம் தொடாது, ஸ்கேன் பண்ணி ஏத்துன நிமிஷத்துலருந்து பிரிவு 3 படி உள்ள வந்துரும். இத எத்தனயோ தடவ சொல்லிட்டேன், யாரும் காதுல வாங்குறதில்ல. முதல் எட்டு எண்ண மறச்ச மாஸ்க்டு ஆதார் போதும்னு சாப்ட்வேர்ல கட்டாயமாக்கிட்டோம், அதுலயே பாதித் தலைவலி போச்சு.

டூல் பத்திச் சொல்லணும்னா, 'குழந்தை', 'வயசு'ன்னு தேடுனா பிரிவு 9 மொதல்ல வரணும். இங்க குழந்தைன்னா 18 வயசுக்குக் கீழ உள்ள எல்லாரும், பெத்தவங்க சம்மதத்த சரிபாக்கக்கூடிய மாதிரி வாங்கணும். நெறைய டெவலப்பர் வெளிநாட்டு கணக்குல 13-னு நெனச்சு கோடுல போட்டு வச்சிருக்காங்க.

ராமநாடு_வக்கீல்

ஒரு சின்ன விஷயம், வெளியிடுறதுக்கு முன்னாடி. காப்புரிமைச் சட்டம் 52(1)(க்யூ) படி கெசட்ல வந்த விதிகளத் தாராளமா வெளியிடலாம், ஆனா சட்டத்த வெளியிடுறப்ப விளக்கவுரையோ வேற சொந்த எழுத்தோ சேத்துத்தான் வெளியிடணும்னு நிபந்தனை இருக்கு. உங்க சினானிம் டேபிளும் பிரிவுக்குப் பிரிவு எழுதுற குறிப்பும் அதுக்குப் போதும், வெறும் சட்ட உரைய மட்டும் ஏத்தி விடாதீங்க.

உச்சிப்புளி_டெவ்

எல்லாருக்கும் நன்றி, உண்மையாவே. இதுவரைக்கும் பண்ணத சொல்றேன். ஜீரோ ரிசல்ட் பக்கத்தத் தூக்கியாச்சு, வக்கீல் சார் சொன்ன அடிப்படைப் பிரிவுகள்தான் அங்க நிக்குது. 2011 விதிகளும் செர்ட்-இன் உத்தரவும் ஏத்தியாச்சு, ஒவ்வொண்ணுக்கும் அமல் தேதி போட்டாச்சு. 'கன்ட்ரோலர்', 'பிராசசர்' ரெண்டையும் ஸ்டெம்மிங்லருந்து வெளிய எடுத்தாச்சு. புதுசா ஒண்ணு சேத்தேன், வார்த்தை தட்டுறதுக்குப் பதிலா டேபிள் ஸ்கீமா, அதாவது எந்த டேபிள்ல என்னென்ன காலம்னு இருக்குற ஃபைலயே குடுத்தா காலம் பேரப் பாத்து அதுவே தேடும். எங்க ஆப்போட ஸ்கீமாவக் குடுத்தேன். 'லாட்', 'லாங்'னு (அட்சரேகை, தீர்க்கரேகை) ரெண்டு காலம் பேரப் பாத்து லொகேஷன்னு புரிஞ்சு பிரிவு 2-யும் 8-யும் காட்டுச்சு. 'ஆள்_ஆதார்' காலத்துக்கு ஆதார் சட்டத்தையும் பாருன்னு சொல்லுச்சு. 'குறிப்பு'ன்னு ஒரு ஃப்ரீ டெக்ஸ்ட் காலம் இருக்கு, அதுக்கு ஒண்ணும் சொல்லல. ஆனா ஏலக்காரங்க ஒடம்பு சரியில்ல, கடன் பாக்கி எல்லாம் எழுதுறது அதுலதான். அந்த மாதிரி எதையும் எழுதலாம்ங்கற காலத்த எல்லாம் சிவப்புல காட்டி, ஆளு ஒருத்தரு பாத்து டிக் பண்ணாம பில்டு போகாதுன்னு வச்சிட்டேன்.

ஜிபிஎஸ் புள்ளி பத்தி: அக்கா சொன்னதுக்கு அப்புறம் அது சர்வருக்கே வரத் தேவையில்லன்னு முடிவு பண்ணிட்டோம். பங்கு பிரிக்க எடம் எதுக்கு. ஓனர் போன்லயே இருக்கட்டும்.

அக்கா, உங்க குழுவுல ஆளுங்க கேக்குற கேள்விய அவங்க வாய்ல வர்ற மாதிரியே எழுதித் தர முடியுமா? அதத்தான் தமிழ் சினானிம் டேபிளுக்கு வச்சுக்கப் போறேன்.

தங்கச்சிமடம்_அக்கா

தம்பி எழுதிக்கிட்டு இருக்கேன், இப்போதைக்கு இத வச்சுக்க. 'என் பேர எடுத்து விட்ரு.' 'யாருக்கு குடுத்தீங்க?' 'எதுக்கு ஆதாரு?' 'தப்பா ஏத்திட்டீங்க, மாத்துங்க.' 'அவரு எறந்துட்டாரு, இப்ப யாருகிட்ட கேக்க?' 'நான் அந்தப் படகுல இப்ப போறதில்ல, என் கணக்கு ஏன் அங்க இருக்கு?'

ராமநாடு_வக்கீல்

அருமையா இருக்கு. வரிசையாப் போட்டுக்குங்க தம்பி. எடுத்து விட்ரு, தப்பா ஏத்திட்டீங்க, ரெண்டும் பிரிவு 12. யாருக்கு குடுத்தீங்கன்னா 11, தரவ யாருகூடப் பகிர்ந்தாங்கன்னு கேட்டு வாங்குற உரிமை அது. எதுக்கு ஆதாருன்னா 5, அதோட 6(1), ஏன்னா அந்த நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டும்தான் சம்மதம் செல்லும். எறந்துட்டாருன்னா 14, தனக்குப் பதிலா உரிமையக் கேக்க ஒருத்தர நியமிச்சு வைக்கிறது, உங்க ஆப்ல அதுக்குன்னு ஒரு கட்டம் இல்லன்னா இப்பவே சேத்துருங்க, கடலுக்குப் போற ஆளுங்க லிஸ்ட்டுல அது கண்டிப்பா வேணும். கடைசிக் கேள்வி 8(7), படகு மாறுன அன்னிக்கே அந்த நோக்கம் முடிஞ்சுது, பாக்கிக் கணக்கு இருந்தா அது தீர்ற வரைக்கும் வைக்கலாம், விதி 8 படி தரவுக்கும் லாக்குக்கும் ஒரு வருஷம், அதுக்கு மேல எதுக்கும் காரணம் இல்ல.

மண்டபம்_மாணவி

அக்கா எழுதுன ஆறு வரியையும் டெஸ்ட் கேஸா போட்டுட்டேன். நாலு சரியான பிரிவுக்குப் போவுது. 'எறந்துட்டாரு' இன்னும் 14-க்குப் போகல, 'போறதில்ல' எதுலயும் சிக்கல. ரெண்டும் டேபிள்ல சேத்துட்டு இன்னிக்கி ராத்திரி திரும்ப ஓட்டுறேன். அக்கா, இன்னும் இருந்தா அனுப்புங்க.